இயந்திரம் கண்டு சொல்லும், சபை ஏற்றுக்கொள்ளுமா?

தியானப் பகுதி: சங்கீதம் 139:13–16, லூக்கா 1:36–56, யோவான் 9:1–3, 2 சாமுவேல் 9



ஞாயிறு ஆராதனைக்குப் பின் எழுதிக் கொடுக்கப்படும் ஜெபக்குறிப்புகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. முந்தைய தலைமுறையினர் சுகப்பிரசவத்துக்காக ஜெபிக்கும்படி கேட்டார்கள். இன்றைய இளம் தாய்மாரோ, ஐந்தாம் மாத ஸ்கேன் நல்லபடியாக வரவேண்டும் என்று எழுதுகிறார்கள். பிரசவ அறையின் வாசலில் இருந்த பயம் ஸ்கேன் அறையின் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அறைக்குள் இப்போது செயற்கை நுண்ணறிவும் நுழைந்துகொண்டிருக்கிறது. கருவிலிருக்கும் சிசுவின் படத்தை அளப்பதிலும், வயதைக் கணிப்பதிலும், குறை இருக்கலாமோ என்று சுட்டிக்காட்டுவதிலும் மருத்துவருக்குத் துணையாகக் கணினி வந்து நிற்கிறது.

தேவன் இரகசியமாய் உருவாக்குகிற இடத்தை இயந்திரம் எட்டிப்பார்க்கலாமா என்று சிலர் கலங்குகிறார்கள். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியை நன்றியோடு வரவேற்கலாம். ஆனால் அது எதைக் காட்டினாலும், காட்டப்பட்ட பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் கடமை நம்முடையது. அதற்கு நம் வீடுகளும் சபையும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதைக் குறித்தே நாம் கலங்கவேண்டும்.

நாட்களை எண்ணும் அருமை

இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிக்கூடங்களிலும் வேலைசெய்யும் நம் சகோதரிகளிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டால், பொங்கலுக்கு முன்னோ பின்னோ என்ற அளவில் பதில் வருவதுண்டு. அது அவர்களுடைய குற்றமன்று. வேலையும் வீடும் இரண்டு பக்கமும் இழுக்கும் வாழ்வில் நாள்காட்டி நினைவில் நிற்பதில்லை.

ஆனால் அந்தத் தேதியைப் பொறுத்தே பல தீர்மானங்கள் அமைகின்றன. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் நேரிடும் அறிகுறி இருந்தால், சிசுவின் நுரையீரல் விரைவில் முதிர்வதற்கு ஊசி போடுகிறார்கள். நாள் கடந்துவிட்டால் வலி வரவழைக்கிறார்கள். சிசு சிறியதாகத் தெரிந்தால், அது வளர்ச்சி குன்றியதா, நாள் கணக்குத்தான் தவறியதா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கு பிழையானால் இவை யாவும் பிழையாகும்.

தேதி தெரியாதபோது, சிசுவின் தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றின் அளவுகளிலிருந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். இதற்கு உலகமெங்கும் பரவலாகப் பயன்படும் வாய்பாட்டை 1984-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஹாட்லாக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். அந்நாட்டுத் தாய்மாரின் அளவுகளிலிருந்து பிறந்த வாய்பாடு அது. நம் நாட்டுத் தாய்மாருக்கும் அது அப்படியே பொருந்துமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யும், ஃபரிதாபாத்திலுள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. என்னும் மத்திய அரசு ஆய்வு நிறுவனமும் இணைந்து இதற்கு விடை தேடின. ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பவதிகளின் தரவுகளைக்கொண்டு, செயற்கை நுண்ணறிவின் துணையால் ‘கர்பிணி-ஜிஏ2’ என்ற கணிப்பு முறையை உருவாக்கி, 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கர்ப்பத்தின் நடு மாதங்களுக்கும் கடைசி மாதங்களுக்கும் உரிய முறை இது. தாங்கள் ஆராய்ந்த தாய்மாரிடத்தில் ஹாட்லாக் வாய்பாடு ஏழு நாள் வரை தவறியதாகவும், புதிய முறை அரை நாள் அளவே தவறியதாகவும் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். ஒரு வாரம் என்பது குறைமாதக் குழந்தைக்குச் சிறிய காலமன்று.

இந்த முயற்சியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பங்குகொண்டது என்பதை நாம் கவனிக்கவேண்டும். அந்தக் கல்லூரிக்கு விதையாக விழுந்தது கர்ப்பவதிகளின் மரணமே. திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று கணவர்கள், ஒருவர்பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைத் தேடி வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிக்கு உதவும்படி கேட்டார்கள். அவரோ மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அவருடைய தகப்பனார் ஆண் என்பதால் அவரை அழைத்துப்போக அவர்கள் இணங்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவைத் தேவ அழைப்பாகக் கேட்டு, ஐடா மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1902-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. அறிவைத் தாய்மாருக்கு ஊழியமாகக் கொடுத்த அந்த மரபில் வந்த நாம், இன்றைய அறிவைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது பொருந்தாது.

மிச்சமாகும் நேரமும் எட்டும் தூரமும்

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2025-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 78 கர்ப்பவதிகளுக்கு இருபதாம் வார ஸ்கேன், வழக்கமான முறையில் ஒருமுறையும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒருமுறையும் எடுக்கப்பட்டது. வழக்கமாக நிபுணர் படத்தை நிறுத்தி நிறுத்தி அளக்கவேண்டும். கணினியோ அந்த அளவுகளைத் தானே ஓயாமல் எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் நேரம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

மிச்சமான அந்த நேரத்தை என்ன செய்வது? சிசுவின் இருதயத்தை இன்னொருமுறை கவனமாகப் பார்க்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த நிபுணர், தாயின் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசலாம். அல்லது வரிசையில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுள் எதைத் தெரிந்துகொள்வது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. மனிதரே தீர்மானிக்கிறார்கள்.

இன்னொரு முயற்சி ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டிலும் அமெரிக்காவிலும் நடந்தது, 2022-ல் வெளியானது. ஸ்கேன் பயிற்சி பெறாத ஒருவர் விலை குறைந்த சிறு கருவியை வயிற்றின்மேல் குறித்த திசைகளில் நகர்த்தினாலே போதும். சிசுவின் வயதைக் கணினி கணித்துவிடும். பயிற்சி பெற்றோரின் கணக்குக்கு நிகராக அது அமைந்தது. செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலிருந்து திருவில்லிபுத்தூருக்கு இறங்கி வரவேண்டிய ஒரு தாய்க்கு இது என்னவாக இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் தம் பையில் ஸ்கேன் கருவியைக் கொண்டுபோகும் நாள் வரக்கூடும்.

எண் தீர்ப்பாகாது

ஆகிலும் கணினி தருவது என்ன என்பதை நாம் விளங்கிக்கொள்ளவேண்டும். ஆரம்பகாலச் சோதனைகள் பெரும்பாலும் சாத்தியத்தையே சொல்கின்றன. அறிக்கையில் 200-ல் ஒன்று என்று எழுதியிருந்தால், அதே அறிக்கையைப் பெற்ற 200 தாய்மாரில் 199 பேருடைய பிள்ளைகளுக்கு அந்தக் குறை இராது என்பதே பொருள். ஆனால் பயந்திருக்கிற கண்ணுக்கு அந்த ஒன்று மாத்திரம் தெரியும்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 10,000 கர்ப்பவதிகளில் 10 பேருடைய சிசுவுக்கு ஒரு குறை இருக்கிறது. கணினி அந்தப் பத்தில் ஒன்பதைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. குறையில்லாத நூறு பேரில் ஐந்து பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறது. அப்படியானால் தவறாகச் சந்தேகிக்கப்படுவோர் ஏறக்குறைய 500 பேர். சரியாகக் கண்டறியப்படுவோர் 9 பேர். சந்தேக அறிக்கையோடு வீட்டுக்கு வரும் 509 தாய்மாரில் 500 பேர் காரணமின்றி உறக்கம் இழப்பார்கள். இது கருவியின் மோசடியன்று. அரிதான ஒன்றை எல்லாரிடத்திலும் தேடும்போது நேரும் இயல்பான கணக்கு. ஆகையால்தான் சலித்தெடுக்கும் சோதனை வேறு, உறுதிசெய்யும் சோதனை வேறு என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். முதல் தாளைக் கையில் வாங்கியவுடன் அதைத் தீர்ப்பாக வாசிக்கவேண்டாம். ‘இது சந்தேகமா, உறுதியா? அடுத்த சோதனை என்ன?’ என்று மருத்துவரிடம் நிதானமாகக் கேளுங்கள்.

சங்கீதம் 139-ஐ எழுதியவர், தன் உடல் உருவம் பெறுமுன்பே தேவன் தன்னைக் கண்டதையும் தன் நாட்களை அறிந்ததையும் எண்ணி வியக்கிறார். இயந்திரமும் காண்கிறது, ஆனால் அளவுகளைக் காண்கிறது. முன்பு பார்த்த ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு இது எதைப்போல் இருக்கிறது என்று சொல்கிறது. இந்தப் பிள்ளை யார் என்பது அதற்குத் தெரியாது. ஆண்டவரோ பிள்ளையையே அறிந்திருக்கிறார். இந்த வேறுபாட்டை நெஞ்சில் பதித்துக்கொண்டவர்கள் எந்த அறிக்கையையும் நடுங்காமல் கையில் வாங்கலாம்.

நம் மாநிலம் கண்ட பாடம்

இனி நான் சொல்லப்போவது கசப்பானது. கர்ப்பத்தை அல்ட்ராசவுண்டால் பார்க்கும் வழியைத் திறந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்ட். உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியிலிருந்து வழிபிறந்து, 1958-ல் அவரும் தோழர்களும் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். தாயையும் சேயையும் காப்பதே அதன் நோக்கம்.

அந்தக் கருவி நம் நாட்டுக்கு வந்தபோது பெண்பிள்ளையை விரும்பாத வீடுகள் அதை எதிர்கொண்டன. நமக்கு வடக்கே உசிலம்பட்டிப் பகுதியில் பெண்சிசுக்கள் பிறந்தபின் கொல்லப்பட்ட கொடுமை 1986-ல் நாடறிய வெளிவந்தது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கள்ளிப்பாலின் வேலையைச் சில இடங்களில் ஸ்கேன் எடுத்துக்கொண்டது. பாலினம் அறிவதைத் தடுக்க 1994-ல் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. 1996-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண்பிள்ளைகளுக்கு 1991-ல் 948 பெண்பிள்ளைகள் இருந்தார்கள். 2011-ல் 943 பேரே இருந்தார்கள்.

கருவி ஒன்றுதான். ஒரு வீட்டில் அது தாயைக் காப்பாற்றியது. மறு வீட்டில் மகளைக் கொன்றது. பார்ப்பவருடைய உள்ளம் எதை ஏற்க மறுத்ததோ, அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒற்றனாக அந்தக் கருவி மாறிற்று. சிறு ஸ்கேன் கருவிகளைக் கிராமந்தோறும் கொண்டுபோகலாமா என்று யோசிக்கும்போது இந்தச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் குறுக்கே நிற்கின்றன. அவை செவிலியரைச் சந்தேகித்து எழுதப்பட்டவையல்ல. நம் சமுதாயத்தின் கடந்தகாலத்தை அறிந்து எழுதப்பட்டவை. நம் பாவத்தின் விலையை மலையடிவாரத்துத் தாய் செலுத்துகிறாள்.

நாம் வாழும் திருவில்லிபுத்தூர் ஒரு பெண்பிள்ளையின் பேரால் உலகறிந்த ஊர். துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டு, பெரியாழ்வார் வீட்டில் மகளாக வளர்ந்தவள் ஆண்டாள் என்பது நம் அயலார் போற்றும் மரபு. கண்டெடுத்தவர் கையேந்தி ஏற்றுக்கொண்டதால் ஊருக்கே பெயர் கிடைத்தது. வேற்று விசுவாசத்தாரின் இந்த நினைவுகூட நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டும்.

நேற்றுப் பெண்பிள்ளைக்கு நேர்ந்தது, நாளை குறையுள்ள பிள்ளைக்கு நேரலாம். செயற்கை நுண்ணறிவு குறைகளை இன்னும் விரைவாகவும் நுட்பமாகவும் காட்டும். இருதயக் குறை முன்பே தெரிந்தால், உரிய வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிட்டுக் குழந்தையைக் காக்கலாம். உதட்டுப் பிளவு அறுவைச் சிகிச்சையால் சீராகும் என்பதைப் பெற்றோர் முன்னமே அறிந்து மனம் தேறலாம். ஏற்கும் உள்ளம் இருந்தால் முன்னறிவு ஆசீர்வாதம். ஏற்கும் உள்ளம் இல்லாவிட்டால் அதே முன்னறிவு கத்தியாகும்.

சபை என்ன செய்யவேண்டும்?

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது யாருடைய பாவத்தினால் வந்தது என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, அவனிடத்தில் தேவன் செய்யப்போகிறதைச் சுட்டிக்காட்டினார். சீஷர்களின் கேள்வி இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. சொந்தத்தில் மணம் முடித்தீர்களா என்று மருத்துவரும் கேட்பார், உறவினரும் கேட்பார். மருத்துவர் வழிகாட்டுவதற்காகக் கேட்கிறார். உறவினர் பழியை யார்மேல் போடலாம் என்று கேட்கிறார். பெரும்பாலும் அது மருமகளின்மேல் விழுகிறது. மாமியார்மாரே, மூப்பர்களே, அந்தக் கேள்வியை ஆண்டவர் தள்ளிவிட்டார், நீங்களும் தள்ளிவிடுங்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படுகிறது. கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டபின், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரையும், கடுமையான குறை என்று மருத்துவக் குழு முடிவுசெய்தால் அதற்குப் பின்னும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே கனமான அறிக்கை பெற்ற தம்பதியர் சில நாட்களுக்குள் ஒரு முடிவை நோக்கித் தள்ளப்படுகிறார்கள். உயிர் கர்த்தருடையது என்று நாம் அறிக்கையிடுகிறோம். அந்த அறிக்கை மெய்யானால், அந்தச் சில நாட்களில் அவர்கள் வீட்டு வாசலில் நாம் நிற்கவேண்டும். அந்த நாட்களில் எட்டிப்பாராத சபைக்கு, பின்னர் அவர்களைக் குற்றப்படுத்த உரிமை ஏது? கண்ணீரோடு வேறு வழி சென்ற தாயும் நம் சகோதரியே. அவளுக்குக் கல்லல்ல, கை நீட்டவேண்டும்.

காபிரியேல் மரியாளிடத்தில், எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்று கணக்குச் சொன்னான். மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து போய், ஏறக்குறைய மூன்று மாதம் அவளோடே தங்கினாள். தூதன் தந்தது தகவல்; மரியாள் தந்தது உடனிருப்பு. இக்காலத்தில் தகவல் தருகிற வேலையை இயந்திரம் செய்யும். மூன்று மாதம் உடனிருக்கிற வேலை நமக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே நம் சபையார் முன் சிலவற்றை வைக்கிறேன். கருவுற்ற சகோதரிகள் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே சுகாதார நிலையத்தில் பதிவுசெய்து, முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுங்கள். நாள் கணக்கு மிகத் துல்லியமாகக் கிடைப்பது அப்போதுதான். எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி ஊராரிடம் பொருள் கேட்கவேண்டாம்; கைப்பேசிச் செயலிகளிடமும் கேட்கவேண்டாம். கணவன்மாரே, அந்த அறை வாசலில் மனைவியைத் தனியே உட்காரவிடாதீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார், மதுரைக்கு மேல்சிகிச்சைக்குப் போகவேண்டிய தம்பதியரோடு ஒருவரை அனுப்பவும், பயணச் செலவுக்கு ஒரு சிறு நிதியை ஒதுக்கவும் முன்வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே நம் நடுவில் பிறந்திருக்கும் சிறப்புக் குழந்தைகளைப் பாருங்கள். ஆராதனையில் அவர்கள் சத்தமிட்டால் நாம் திரும்பிப் பார்க்கும் பார்வை எப்படிப்பட்டது? ஓய்வுநாள் பள்ளியில் அவர்களுக்கு இடமுண்டா? ஆலயப் படிகளில் சக்கர நாற்காலி ஏறுமா? கர்ப்பவதியான ஓர் இளம்பெண் கடைசி வரிசையில் அமர்ந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன் பிள்ளை இப்படிப் பிறந்தால் இந்தச் சபை என்ன செய்யும் என்பதற்கு அவள் அங்கே பதில் கண்டுகொள்கிறாள். பிற்பாடு நாம் சொல்லும் ஆறுதலைவிட, அவள் அன்று கண்டதே அவளுடைய முடிவில் நிற்கும்.

இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத்தைத் தாவீது ராஜா தேடிக் கண்டுபிடித்து, தன் பந்தியில் நாள்தோறும் தன் குமாரரைப்போல அமரச் செய்தான். அந்தக் கால்கள் கடைசிவரை குணமாகவில்லை. ஆனால் அவனுக்குரிய இடம் பந்தியில் இருந்தது. நம் ஆண்டவருடைய பந்தியிலும் அப்படிப்பட்ட இடங்கள் காலியாக வைக்கப்பட்டிருக்கட்டும். வரப்போகிறவர் யார் என்பதை இயந்திரம் முன்னே சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அந்த இடம் அவர்களுடையதே.

ஜெபம்:

கருவில் எங்களை அறிந்த பிதாவே, மருத்துவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நீர் அருளிய அறிவுக்காக ஸ்தோத்திரம். அறிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சியிருக்கிற ஒவ்வொரு தாய்க்கும் உம்முடைய சமாதானத்தைத் தாரும். பிறக்கிற எந்தப் பிள்ளையையும் வேண்டாத பிள்ளை என்று சொல்லாத வீடுகளாக எங்கள் வீடுகளை மாற்றும். உமது பந்தியில் எல்லாருக்கும் இடங்கொடுக்கும் சபையாக எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.